கிடக்கட்டும், அவன் வரட்டும்

புயலுக்கு மறுநாள் காலையில் எங்கள் அடுப்படிக்குள் வெயில் வந்தது.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடுப்படியில் நான் வெயிலைப் பார்த்ததில்லை. நடுப்பகலிலும் சிம்னி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டுதான் குழம்பு கொதிக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். அன்றைக்கு விளக்கு தேவைப்படவில்லை. கூரை ஓட்டின் சந்துகளிலிருந்து வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கி அம்மிக்கல்லின் மேல் விழுந்தது. சுவரில் இத்தனை கரி படிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினேன். வாசல் முழுக்க மாவிலை. மேலிருந்து கீழ்வரை ஈரம் சொட்டிக்கொண்டு அடைத்து நின்றது. ஒடிந்த கொப்புகளிலிருந்து பால் வடிந்து, மாவடு ஜாடியைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அது உள்ளே புகுந்தது. கையை நீட்டினேன். முழங்கை வரை இலைக்குள் போனது. கிணறு எந்தப் பக்கம், மாட்டுக் கொட்டகை எந்தப் பக்கம் என்று ஒன்றும் புரியவில்லை.

முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்த என் மாமியார், இலைகளுக்கு அந்தப் பக்கம் எங்கோ நின்று குரல் கொடுத்தார்.

"வசந்தா, உள்ள இருக்கியா?"

"இருக்கேன் அத்தை."

"மாடு நல்லா இருக்குது. கொட்டாயும் நிக்குது."

இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மரந்தான் போச்சு" என்றார் பிறகு.

தோப்பு வீடு

சென்ற வாரம் என் கதையை வளவனூரில், என் தகப்பனாரின் சைக்கிள் கடையில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து இந்தத் தோப்புக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் ரோட்டில் பாதி தூரம் போய், பஸ்ஸைவிட்டு இறங்கி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் அந்தத் தோப்பு வரும். ஊருக்குத் தள்ளித் தனியாக இருந்தது. மா, பலா, புளி, இலுப்பை, ஓரமாக ஒரு பெரிய புன்னை, வரப்பு நெடுகப் பனை. நடுவில் ஓட்டு வீடு. என் மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் மாமியார் பச்சையம்மாளும் அவருடைய ஒரே பிள்ளை ஏழுமலையும்தான். ஏழுமலை என் கணவர். அத்தை வாயில் அவர் 'ஏயுமல'.

அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அப்பா என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில். "தோப்புல என்னென்ன மரம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டதும் காபி ஆறிப்போகும்வரை பேசினார். கிணற்று மேட்டில் நிற்கும் புளி, வண்டி நிறுத்தும் இடத்துப் பலா, அவருடைய அப்பா கையால் வைத்த இலுப்பை, அடுப்படி மா. உள்ளறையில் நின்றுகொண்டிருந்த எனக்கு, அவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அந்த மரங்களெல்லாம் பழக்கமாகிவிட்டன. இவ்வளவு ஆசையாக மரத்தைப் பற்றிப் பேசுகிறவர் பெண்டாட்டியிடமும் ஆசையாகத்தான் இருப்பார் என்று என் அம்மா சொன்னாள்.

அம்மா சொன்னது சரிதான். ஆனால் ஒரு மாம்பழக் காலம் மட்டுந்தான் நாங்கள் சேர்ந்து இருந்தோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை தொடர்ந்து ஏமாற்றியது. கிணறு இறங்கிக்கொண்டே போனது. காய்ப்பும் குறைந்தது. அவருக்கு மோட்டார் வேலையும் ஒயரிங்கும் தெரியும். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் இருந்த நண்பர் ஒருவர் ஏற்பாட்டில் வளைகுடாவுக்குக் கிளம்பினார். அடுத்த முறை மா பூத்தபோது அவர் இல்லை.

கிளம்பும் நாளன்று அவர் ஒவ்வொரு மரமாகப் போய் நின்றுவிட்டு வந்தார். நான் வாசலில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என்னிடம் வருவதற்குள் டாக்சிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான்.

வண்டு தின்றால் தின்னட்டும்

அவர் போன பிறகு வந்த அந்தப் புயலின் சேறு காய்வதற்குள் மர வியாபாரிகள் வந்துவிட்டார்கள். மொபெட்டில் ஒருவர், சைக்கிளில் ஒருவர், கும்பலாக நடந்து வந்தவர்கள் என்று தினம் ஒரு முகம். மரத்தைச் சுற்றி வருவார்கள், அடிமரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், சாணால் அளப்பார்கள்.

அத்தை கொட்டகை வாசலில் கேப்பைக் களி கிண்டும் துடுப்போடு நின்றுகொண்டு எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

"கெடக்கட்டும். எம் புள்ள வரட்டும்."

"யம்மா, பச்சையா இருக்கும்போது குடுத்தாத்தான் மரத்துக்கு மதிப்பு. வுட்டா வண்டு தொளைச்சிடும்."

"வண்டு துன்னா துன்னட்டும். அவன் வளத்த மரம். அவன் கண்ணால பாத்து, எத அறுக்கறது எத வெக்கிறதுன்னு அவன் சொல்லட்டும். நீ போய் வா."

ஒரு வியாபாரி என்னைப் பார்த்தார். படித்த மருமகள், விளங்கிக்கொள்வாள் என்று நினைத்திருக்கலாம். நான் அத்தையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அத்தைக்குப் பயந்து அப்படி நிற்கவில்லை. மரங்கள் கிடந்தால் அவர் வந்துதான் ஆக வேண்டும் என்று நானும் நினைத்தேன். இரண்டு பெண்பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில், கிணற்றுக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு மரங்கள் விழுந்து கிடக்கின்றன என்று தெரிந்தால் எந்த மனிதர் வராமல் இருப்பார்? விழுந்தவை, சாய்ந்தவை, ஒடிந்தவை எல்லாவற்றையும் அவருக்கு விவரமாக எழுதிப் போட்டேன். "அம்மா உங்களை வரச் சொல்கிறார்கள்" என்று முடித்தேன்.

அத்தையும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் பஸ் வரும் நேரத்தில் இரண்டு பேருக்குமே வாசலில் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

கிடந்த மரங்களோடு

விழுந்த மரங்களோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

முதலில் அடுப்படி வாசலை அடைத்த கொப்புகளை மட்டும் அரிவாளால் கழித்தோம். வெளியிலிருந்து உள்ளே என்று சின்னக் கொப்பாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். வளைந்து கிடக்கும் கிளையில் கை வைத்தால் விசிறிக்கொண்டு எழும்பும். ஒருமுறை அப்படி எழுந்த கொப்பு என் அரிவாளைப் பிடுங்கி மாட்டுத் தொட்டிக்குள் போட்டது. அத்தை என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்கு இன்னா பதில் சொல்லுவேன்?" என்றார். அன்றிலிருந்து அரிவாள் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

கிணற்று மேட்டுப் புளி முழுசாக விழவில்லை. வண்டிப் பலாவின் மேல் சாய்ந்து நின்றது. பலா அதைத் தாங்கமுடியாமல் வேரோடு புரண்டு பாதி சரிந்திருந்தது. இரண்டுக்கும் அடியில் ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்குச் சந்து. கிணற்றுக்கு அதுதான் வழி. குடத்தை இடுப்பில் வைத்தால் நுழைய முடியாது. முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் போவோம். காற்றடிக்கும் நாளில் மேலே மரத்தோடு மரம் உரசி முனகும். அத்தை நிமிர்ந்து பார்த்து, "சும்மா இரு" என்பார், அழும் குழந்தையை அதட்டுவது போல.

வேர் பெயர்ந்த இடங்களில் குழிகள். அவற்றில் தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது. பலாப் பட்டைக்கடியிலிருந்து மஞ்சள் மாவு உதிர ஆரம்பித்தது. வண்டு வந்துவிட்டது.

தை பிறந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. அடுப்படி மா படுத்தபடியே பூத்தது. பாதி வேர் மண்ணுக்குள் இருந்திருக்கிறது. நிற்கும்போது ஓட்டுக்கு மேலே எட்டாத உயரத்தில் பூத்த மரம், இப்போது என் முழங்கால் உயரத்தில் பூத்திருந்தது. தேனீக்கள் அடுப்படிக்குள் வந்து சுற்றின. அத்தை பாத்திரம் கழுவிய தண்ணீரையெல்லாம் கொண்டுபோய் அதன் தூரில் ஊற்றினார்.

"ஏயுமல வந்து பாத்தான்னா இங்கயே ஒக்காந்துக்குவான்" என்றார்.

மண்டியில் வந்த போன்

மாசியில் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, திண்டிவனத்து மண்டிக்கு போன் செய்வார், என்னை அங்கே போய் இருக்கச் சொல்லியிருந்தார்.

கல்யாணப் புடவையை உடுத்திக்கொண்டு போனேன். போனில் புடவை தெரியாது என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். மல்லாட்டைத் தூசி மூக்கைப் பிடித்தது. மூட்டை தூக்குகிறவர்கள், தரகர்கள், கணக்கப்பிள்ளை எல்லாரும் வேலை செய்வதுபோல் இருந்தார்கள். ஃபாரின் போன் என்றால் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஒரு கண்.

நண்பகல் தாண்டி மணி அடித்தது.

"வசந்தாவா? கேக்குதா?"

"கேக்குதுங்க."

என் குரலே இரண்டு முறை திரும்பி வந்து எனக்குக் கேட்டது. அவர் மூச்சு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"கெணத்து மேட்டுப் புளி?"

"பலா மேல சாஞ்சி நிக்குதுங்க."

"அடியில போறீங்களா? போவாதீங்க. பலா?"

"அதுவும் பொரண்டுடுச்சி."

"அப்பா வச்ச இலுப்பை?"

"வுழுந்துடுச்சிங்க. நடுவுல பொளந்துடுச்சி."

போன் அறுந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"ஓரத்துப் புன்னை?" என்றார் பிறகு.

"வுழுந்துடுச்சி."

"அடுப்படி மா?"

"படுத்துக்கினே பூத்திருக்குதுங்க."

அவர் சிரித்தார். அல்லது அழுதாரோ, எனக்குத் தெரியவில்லை. லைனில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது.

"அம்மா உங்கள வரச் சொல்றாங்க. தெனம் சொல்லிக்கினே இருக்காங்க."

"நடுவுல வுட மாட்டேன்றாங்க வசந்தா. பாஸ்போர்ட் அவங்ககிட்ட இருக்குது. வரணும்னா வேலய வுட்டுட்டுத்தான் வரணும். நீ இன்னா சொல்ற?"

கணக்கப்பிள்ளையின் பேனா நின்றுவிட்டது. மூட்டையை இறக்கிய ஆள் மறு மூட்டை எடுக்கப் போகாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். வாருங்கள் என்ற ஒரு சொல் தொண்டைவரை வந்தது. அவர் எதற்காகப் போனார் என்பதும் கூடவே வந்தது.

"நீங்க எப்டி சொல்றீங்களோ அப்டி" என்றேன்.

"அப்ப நீயே பாத்துப் பண்ணு. எல்லாத்தயும் எடுத்துடு. மா மட்டும் இருக்கட்டும்."

லைன் போய்விட்டது. கணக்கப்பிள்ளை எழுந்து வந்து எனக்கு ஒரு சோடா வாங்கித் தரச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான், நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை என்பதும், நானும் அவரைக் கேட்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தன.

ஆளைக் கூப்பிடு

அவர் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். அத்தை நம்பவில்லை.

"போன்ல அப்டித்தான் சொல்லுவான். மனசு கேக்காது. வருவான் பாரு."

பங்குனியில் ஒரு காலை, காற்றே இல்லாத நேரம். நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். அத்தை தண்ணீருக்குப் போயிருந்தார். மேலே எதுவோ வெடித்தது. தொடர்ந்து தரை அதிர்ந்தது. மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது.

நான் ஓடியபோது கிணற்று மேடு முழுக்கத் தூசி. புளி, பலாவை உடைத்துக்கொண்டு தரையில் கிடந்தது. நாங்கள் நுழைந்து போகும் சந்து இருந்த இடமே தெரியவில்லை.

"அத்தை" என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மரத்தின் மேல் ஏறி, கொப்புகளை மிதித்துக்கொண்டு, கால் கிழிபட அந்தப் பக்கம் போனேன்.

கிணற்றுக் கட்டையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தலையிலும் தோளிலும் புளிய இலை பச்சையாகக் கொட்டிக் கிடந்தது. முன்னால் தள்ளிவிட்ட குடத்தைப் பிடித்து நிமிரும்போது பின்னால் மரம் இறங்கியிருக்கிறது.

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அதற்கு முன்பு நாங்கள் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டது குறைவு. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆளக் கூப்புடு வசந்தா" என்றார். "மரம் போனா போவட்டும். அவன் வந்து பாக்க நாமளாச்சும் இருக்கணும்ல."

ரம்பச் சத்தம்

திண்டிவனத்திலிருந்து பலராமன் என்பவர் தன் ஆட்களோடு வந்தார். கயிறு, கோடாலி, கடப்பாரை, இரண்டு ஆள் இழுக்கும் ரம்பம். கொட்டகையிலேயே தங்கிச் சாப்பிட்டார்கள். காலையில் கூழும் வெங்காயமும், மதியம் சோறு. எது விறகு, எது பலகை, எது யாருக்கு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாள் என் குரல் வெளியே வரவில்லை. சில நாட்களில் மரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, "அங்க வேணாம், இன்னும் ஒரு மொழம் தள்ளி அறுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பலாவை அறுத்த நாளை மறக்க முடியாது. புரண்டு கிடந்த மரத்தை அடிவேருக்கு மேலே அறுத்தார்கள். ரம்பம் முக்கால் பங்கு போனதும் பலராமன் எல்லாரையும் விலகச் சொன்னார். கடைசி இழுப்பில் அடிமரம் கழன்று விழுந்தது. அந்தப் பாரம் போனதும் வேர்மண்ணோடு சாய்ந்திருந்த கட்டை மெல்ல அசைந்து, பிறகு தொம்மென்று தன் குழியிலேயே போய் நிமிர்ந்து நின்றுகொண்டது.

கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை ஓடிவந்தார்.

"எழுந்துடுச்சா? மரம் எழுந்துடுச்சா?"

பலராமன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். இடுப்புயரக் கட்டை, வெட்டுவாய் மஞ்சள் பளபளக்க, நேராக நின்றது. அத்தை அதன்மேல் கையை வைத்தார். பலாப்பால் விரல்களில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் போட்டுத் தேய்த்தும் நாலைந்து நாள் அது போகவில்லை.

புன்னை வேறு இடத்துக்குப் போயிற்று. மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து சின்னத்துரை என்ற மீனவர் தம்பியோடு வந்து கேட்டார். படகுக்கு அது ஏற்ற மரமாம். அத்தைக்கு அவரைப் பிடித்துப்போனது. "எடுத்துக்கினு போ. கருவாடு குடுத்தா போதும்" என்றார். சொன்னபடியே சின்னத்துரை அவ்வப்போது கருவாட்டுக் கூடையோடு வருவார். அத்தை அவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "மரம் எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குதும்மா. தெனம் கடலுக்குப் போய்ட்டு வருது."

ஒருநாள் அவர் போன பிறகு அத்தை கருவாட்டை உலர்த்திக்கொண்டே சொன்னார்: "அதுவாச்சும் போனா திரும்பி வருது."

ஆடி

அடுத்த ஆடியில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். நினைவு இருக்கும்வரை தெளிவாகத்தான் பேசினார். மாட்டைப் பற்றிக் கேட்டார். மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிள்ளைக்குத் தந்தி கொடுக்கட்டுமா என்று கேட்டபோது மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேணாம். வந்தா வேல பூடும்."

மரங்கள் விழுந்தபோது வேலையெல்லாம் அவர் கணக்கில் வரவில்லை. வரட்டும், வரட்டும் என்றவர், தனக்கென்று வந்தபோது வேண்டாம் என்றார்.

நான் தந்தி கொடுத்தேன். அது என் கணவருக்குக் கிடைத்து, அவர் யாரையோ பார்த்து, யார் யாரோ கையெழுத்துப் போடுவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். விறகுக்கு யாரும் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. புளியும் இலுப்பையும் கொட்டகை ஓரமாக அடுக்கி நன்றாகக் காய்ந்திருந்தன. ஆட்கள் வண்டியில் ஏற்றும்போது, எந்தக் கட்டை எந்த மரத்தினுடையது என்று எனக்குத் தெரிந்தது. பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் நான் மட்டும். துணைக்கு என் அம்மா வளவனூரிலிருந்து வந்து தங்குவாள், போவாள். பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு வர ஒரு ஆள் குறைந்துவிட்டது.

அவர் வந்தார்

அவருக்கு விடுமுறை கிடைத்து வந்தபோது மறு கோடை பிறந்திருந்தது. மீனம்பாக்கத்திலிருந்து டாக்சி பிடித்து வந்தவர், தோப்புக்குத் திரும்பும் இடம் தெரியாமல் இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறார். ரோட்டிலிருந்தே தெரியும் இலுப்பையைத்தான் அவர் எப்போதும் அடையாளமாக வைத்திருந்தார்.

மெலிந்திருந்தார். முன்னந்தலையில் முடி கொட்டியிருந்தது. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டே, பழக்கத்தில், "யம்மா" என்று குரல் கொடுத்தார்.

கொடுத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றார். உள்ளேயிருந்து நான் வந்தேன்.

"வாங்க" என்றேன். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

அந்த விடுமுறை முழுவதும் அவர் வீட்டுக்குள் அதிகம் இருக்கவில்லை. படுத்த மாவின் அடிமரத்தில் உட்கார்ந்திருப்பார். அதன் விலாவிலிருந்து நேராக மூன்று நான்கு கிளைகள் மேலே கிளம்பி, தனித்தனி மரம்போல் நின்றன. ஒரு காலை என்னைக் கூப்பிட்டார்.

"வா வசந்தா. எது எது எப்டி வுழுந்துச்சுன்னு காட்டு."

தோப்பு முழுவதும் அவரை அழைத்துப் போனேன். புளி இறங்கிய இடம், பலாக்கட்டை நிமிர்ந்த இடம், அத்தை கிணற்றுக் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்த இடம். நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பேசிக்கொண்டே இருந்தால் இந்தத் தோப்பு முடியாமல் நீண்டுகொண்டே போகாதா என்று இருந்தது.

கடைசியில் வெட்டவெளியாகக் கிடந்த மேட்டில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"அங்க படுக்கும்போது கண்ண மூடினா இந்தத் தோப்புக்குள்ளதான் நடப்பேன்" என்றார். "இப்ப போய் எங்க நடக்கறது?"

பஸ் நிறுத்தத்தில்

திரும்பிப் போகும் நாள் வந்தது. இந்த முறை டாக்சி வேண்டாம், திண்டிவனம் வரை பஸ்ஸிலேயே போகிறேன் என்றார். நானும் ரோடு வரை நடந்தேன். அவர் கையில் பெட்டி, என் கையில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலம். நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மரக்காணத்துப் பக்கமிருந்து பஸ் வருவது தூரத்தில் தெரிந்தது.

"போவாதீங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சொன்ன?"

"எனக்கு நீங்க இங்க இருக்கணும். தோப்புக்காக இல்ல. மரம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. எனக்கு வேணும்."

பஸ் நெருங்கிவிட்டது. அவர் பெட்டியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இத்தினி வருசத்துல நீ ஒரு தபா கூட இப்டி கூப்புட்டதில்லியே" என்றார். கோபம் இல்லை. "அம்மாதான் கூப்புட்டுக்கினு இருந்தாங்க. உனுக்கு நான் இல்லாமயே பழகிடுச்சின்னு நெனச்சேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். பிளேன் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, அங்கே அறையில் அவருடைய படுக்கை விரித்தபடி கிடக்கிறது. அவர் ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பியது. மல்லாட்டைப் பொட்டலம் என் கையிலேயே இருந்தது. நடந்து வீட்டுக்கு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, அதைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தின்றேன். அழுகை வரவில்லை. சொல்லிவிட்டோம் என்று மட்டும் இருந்தது.

ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. ஆனால் அந்த வருடமே, பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, தோளில் ஒரே ஒரு பையோடு அவர் வாசலில் வந்து நின்றார். கையில் சுண்ணாம்பு மட்டையோடு நான் அப்படியே நின்றேன். டேப் ரிக்கார்டர் இல்லை, ஃபாரின் புடவை இல்லை, பெட்டிகூட இல்லை. பெட்டி வருமா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை. இப்போது அவரும் இல்லை. இருந்தவரை, நல்ல வேலையை விட்டுவிட்டு ஏன் பாதியில் வந்தீர்கள் என்று யார் கேட்டாலும், ஊர்க்காரர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் பிறகு எங்கள் பிள்ளைகளிடமும், ஒரே பதில்தான் சொன்னார்:

"அந்த ஊர் தண்ணி ஒத்துக்கல."

பக்கத்தில் நின்றுகொண்டு நானும் சொல்வேன்: "ஆமா, ஒத்துக்கல."